பெயர் பொறித்தவரும் வில்லை செய்தவரும்: பழைய பெருந்தகட்டுக் கமரா வில்லைகளும் மட்டக்களப்பு வாவிக்கரையின் ஒளிப்பட வரலாறும்

இலங்கையின் ஒளிப்பட வரலாற்றை எழுதியோர் படமெடுத்தவர்களின் பெயர்களையும் அவர்கள் நடத்திய நிறுவனங்களின் பெயர்களையும் ஓரளவு நிறைவாகவே தொகுத்துவைத்துள்ளனர். 1850களின் தொடக்கத்தில் தீவைப் படமெடுத்த பிரெடரிக் ஃபீபிக், 1870–71 காலப்பகுதியில் அநுராதபுரம், பொலனறுவை ஆகிய இடங்களின் இடிபாடுகளைப் பதிவுசெய்த ஜோசப் லோட்டன், கொழும்பில் நெடுங்காலம் இயங்கிய ஸ்கீன் நிறுவனம், கண்டியிலும் கொழும்பிலும் தொழில் நடத்திய சார்ள்ஸ் ஸ்கோவன், 1890இல் தொடங்கப்பட்ட பிளாட்டே நிறுவனம் ஆகியன அந்த வரலாற்றில் திரும்பத் திரும்ப வரும் பெயர்கள். ஆனால் இவர்களுடைய கண்ணாடித் தகடுகளில் உருவங்களை வீழ்த்திய வில்லைகள் எவை, அவற்றின் வளைவுகளைக் கணித்தவர் யார், கண்ணாடியைக் கடைந்தவர் யார், பித்தளைக் குழலில் தம் பெயரைப் பொறித்து விற்றவர் யார் என்ற கேள்விகள் அதே அளவுக்கு எழுப்பப்படவில்லை.

வில்லையின் குழலில் பொறிக்கப்பட்டுள்ள பெயரைப் பார்த்தால் இக்கேள்விகளுக்கு விடை கிடைத்துவிடும் என்பது பொதுவான எண்ணம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் வில்லை வணிகம் நடந்த முறையைக் கவனித்தால், அப்பெயர் ஒரு நீண்ட உற்பத்திச் சங்கிலியின் ஒரேயொரு கண்ணிக்கு மட்டுமே உரியது என்பதும், கண்ணாடி, பித்தளை, ஆவணம் ஆகிய மூன்றையும் ஒன்றோடொன்று ஒப்பிட்டாலன்றி வில்லையின் பிறப்பைத் துணிய முடியாது என்பதும் புலனாகும். மட்டக்களப்பு வாவியைச் சூழ்ந்த பிரதேசத்துக்கு இந்த ஆய்வு வெறும் சேகரிப்பாளர் ஆர்வத்தோடு நின்றுவிடுவதில்லை. 1978 நவம்பர் 23ஆம் தேதியின் சூறாவளி, பல பத்தாண்டுப் போர், 2004 டிசம்பர் 26ஆம் தேதியின் ஆழிப்பேரலை ஆகியவற்றைக் கண்ட ஒரு நிலப்பகுதியில், எஞ்சியிருக்கும் பழைய படங்களை அளவிடத்தக்க சான்றுகளாக மாற்றும் வழிகளுள் இதுவும் ஒன்று.

பெருந்தகட்டுக் கமராவும் கழற்றத்தக்க வில்லையும்

படத்தைப் பெருப்பித்து அச்சிடும் வசதி பரவுவதற்கு முன்னர், மறைப்படத்தை, அதாவது நெகட்டிவை, உணர்தாளின்மீது நேரே வைத்து ஒளிபாய்ச்சியே படம் அச்சிடப்பட்டது. அதனால் சுவரில் மாட்டும் படம் எவ்வளவு பெரிதோ அவ்வளவு பெரிய கண்ணாடித் தகடு கமராவுக்குள் இருக்க வேண்டியிருந்தது. எட்டரை அங்குல நீளமும் ஆறரை அங்குல அகலமும் கொண்ட முழுத்தகடு, ஆறரைக்கு நாலேமுக்கால் அங்குல அளவுள்ள அரைத்தகடு ஆகியன ஆங்கிலேய வணிகத்தில் நிலைத்த அளவுகள். மரச்சட்டம், மடிப்புத் துருத்தி, உருவம் தலைகீழாக விழும் தேய்த்த கண்ணாடி, படமெடுப்பவர் தலைமீது போர்த்திக்கொள்ளும் கறுப்புத் துணி என்பனவே அக்கமராவின் உறுப்புகள். வில்லை அதன் முன்பலகையில் திருகிப் பொருத்தப்படும் தனிக் கருவியாக இருந்தது. ஒளியை அனுமதிப்பதற்கு வில்லையின் மூடியைக் கழற்றி, வேண்டிய நேரம் கழிந்ததும் மீண்டும் மூடினார்கள்.

கமராவின் மரவேலையை ஊர்த் தச்சர் பழுதுபார்க்கலாம், துருத்தியைப் புதிதாக ஒட்டலாம். வில்லையை அவ்வாறு உள்ளூரில் செய்துகொள்ள முடியாது. ஆகவே கமரா பழுதடைந்தபோது வில்லை அடுத்த கமராவுக்கு மாறியது. உரிமையாளர் தொழிலை விட்டபோது இன்னொரு ஸ்டூடியோவுக்குப் போனது. கேரளத்தின் ஆலப்புழையில் 1940களில் கே. கருணாகரன் உருவாக்கிய வாகீஸ்வரி கமரா இப்பிரிவினைக்கு அண்மைக் கால எடுத்துக்காட்டு. தேக்குமர உடலும் பித்தளைப் பூட்டுகளும் ஆலப்புழையில் செய்யப்பட்டன. வில்லை வெளிநாட்டிலிருந்து வந்தது. கமராவின் வயதைக்கொண்டு வில்லையின் வயதையோ, வில்லையின் வயதைக்கொண்டு கமராவின் வயதையோ முடிவுசெய்வது தவறாகப் போவதற்கு இதுவே காரணம்.

செய்தவர் என்பவர் யார்?

1839இல் டகேர் தம் ஒளிப்பட முறையை அறிவித்தபோது அவருடைய கமராக்களுக்கு வில்லை வழங்கியவர் பாரிஸ் நகரத்துக் கண்ணாடிக் கருவியாளர் சார்ள்ஸ் ஷெவாலியே. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிச் செய்த அந்த வில்லை நிலக்காட்சிக்குப் பொருந்தியது; ஆனால் அதனூடாக நுழையும் ஒளி குறைவென்பதால் மனித முகத்தைப் படமெடுக்க ஆள் பல நிமிடங்கள் அசையாதிருக்க வேண்டியிருந்தது. இக்குறையைத் தீர்த்தவர் வியன்னாவில் கணிதப் பேராசிரியராக இருந்த ஜோசப் பெட்ஸ்வால். அவர் 1840இல் பீரங்கிப் படையைச் சேர்ந்த கணக்காளர் குழுவொன்றின் உதவியோடு நான்கு கண்ணாடிகளைக் கொண்ட உருவப்பட வில்லையைக் கணித்தார். அதைக் கடைந்து விற்பனைக்குக் கொண்டுவந்தவர் ஃபோக்ட்லெண்டர். குவியத்தூரத்தை ஒளி நுழையும் துவாரத்தின் விட்டத்தால் வகுத்துப் பெறும் துவார எண் இவ்வில்லையில் ஏறத்தாழ 3.6 ஆக இருந்தது. எண் சிறிதாகச் சிறிதாக நுழையும் ஒளி கூடும் என்பதால், முகப்படத்துக்கான நேரம் ஒரு நிமிடத்துக்கும் கீழே இறங்கியது.

பெட்ஸ்வாலுக்கும் ஃபோக்ட்லெண்டருக்கும் இடையிலான உறவு சில ஆண்டுகளிலேயே பூசலில் முடிந்தது. ஒரே தொகையாகக் கொடுக்கப்பட்ட ஊதியத்தோடு கணிதரின் பங்கு முடிந்துபோக, ஆஸ்திரியாவுக்கு வெளியே ஆக்கவுரிமைப் பாதுகாப்பு இல்லாத அவ்வடிவத்தை ஐரோப்பாவின் ஏனைய கருவியாளர்கள் தம் பெயரில் செய்து விற்றார்கள். ஆகவே பெட்ஸ்வால் வகை வில்லையொன்றைக் கையில் எடுப்பவர் அக்குழலில் பெட்ஸ்வாலின் பெயரைப் பெரும்பாலும் காணமாட்டார். ஃபோக்ட்லெண்டர், ரொஸ், டால்மேயர், ஜாமன், டார்லோ என்ற பெயர்களுள் ஒன்றையோ, இவர்களிடம் வாங்கித் தம் பெயரைப் பொறித்துக்கொண்ட ஒரு கடைக்காரரின் பெயரையோதான் காண்பார்.

பாரிஸ் நகரத்து ஜாமனின் தொழிலை 1860களின் தொடக்கத்தில் டார்லோ ஏற்றுக்கொண்டார். இருவர் பெயரும் சேர்ந்து பொறிக்கப்பட்ட குழல்கள் அந்த மாற்றத்தின் குறுகிய காலத்துக்கு உரியவை. டார்லோவின் வில்லைகள் கடல்கடந்து ஏற்றுமதியாகி, அங்குள்ள விற்பனையாளர்களின் பெயரையும் தாங்கின. இலண்டனில் அன்ட்ரூ ரொஸ் 1859இல் காலமானபோது அவருடைய தொழில் இரண்டாகப் பிரிந்தது. மகன் தோமஸ் ரொஸ் ஒரு கிளையையும், ரொஸின் பட்டறையில் வேலைபார்த்து அவருடைய மகளை மணந்த ஜேர்மானியரான ஜோன் ஹென்றி டால்மேயர் மற்றொரு கிளையையும் நடத்தினார்கள். ஒரே பட்டறை மரபில் பயின்ற கைகள் இரு வேறு பெயர்களில் வில்லை செய்த காலம் அது.

1866ஆம் ஆண்டு இவ்வரலாற்றில் தனித்துக் கவனிக்கத்தக்கது. இரண்டு கண்ணாடிகளை ஒட்டிய தொகுதி ஒன்று முன்னும், அதைப் போன்ற மற்றொன்று பின்னும், துவாரம் நடுவுமாக அமைந்த சமச்சீர் வில்லையை இலண்டனில் டால்மேயரும் மியூனிக்கில் ஸ்டைன்ஹைலும் ஒருவரையொருவர் சாராமல் அவ்வாண்டில் வெளியிட்டார்கள். டால்மேயர் அதற்கு ரெப்பிட் ரெக்டிலீனியர் என்றும், ஸ்டைன்ஹைல் அப்ளானட் என்றும் பெயரிட்டனர். கட்டடத்தின் நேர்கோடுகளைப் படத்தின் ஓரத்திலும் வளையாமல் நேராகவே காட்டுவது இவ்வில்லையின் சிறப்பு. பின்னர் ரொஸ், ஃபோக்ட்லெண்டர் உள்ளிட்ட ஏறத்தாழ எல்லா நிறுவனங்களும் இவ்வகையை வெவ்வேறு பெயர்களில் செய்தன. ஆகையால் வடிவத்தை மட்டும் கொண்டு செய்தவரைச் சொல்ல முடியாத நிலை ஏற்பட்டது.

அடுத்த திருப்பம் கண்ணாடியிலேயே நிகழ்ந்தது. 1884இல் ஜெனா நகரில் ஓட்டோ ஷொட், ஏர்ன்ஸ்ட் அப்பே, ஸைஸ் குடும்பத்தினர் ஆகியோர் தொடங்கிய ஆலை முன்பு கிடைக்காத புதிய கண்ணாடி வகைகளை உருக்கியது. அவற்றைக்கொண்டு போல் ருடோல்ஃப் 1890இல் ஸைஸ் நிறுவனத்துக்காக அனஸ்டிக்மட் வில்லையைக் கணித்தார். 1902இல் டெஸ்ஸார் வில்லையையும் அவரே வெளிக்கொணர்ந்தார். ஒரு புள்ளி படத்தின் ஓரத்தில் கோடாக இழுபடும் குறையை நீக்கிய வில்லை அனஸ்டிக்மட் எனப்படும். 1892இல் எமில் ஃபொன் ஹேக் கணித்த வில்லை கேர்ட்ஸ் நிறுவனத்திடமிருந்து வந்தது. பின்னாளில் டாகோர் என அறியப்பட்டது அதுவே. 1893இல் யோர்க் நகரத்து குக் தொலைநோக்கி நிறுவனத்தில் பணியாற்றிய டெனிஸ் டெய்லர் மூன்றே கண்ணாடிகளில் ஒரு வில்லையைக் கணித்தார். அதைச் செய்தது லெஸ்டர் நகரத்து டெய்லர், டெய்லர் அன்ட் ஹொப்சன் நிறுவனம். அது விற்பனையானதோ குக் என்ற பெயரில். கணித்தவர், செய்தவர், பெயர் கொடுத்தவர் என மூன்று தரப்பும் ஒரே குழலில் சந்திக்கும் தெளிவான எடுத்துக்காட்டு இது.

ஸைஸ் நிறுவனமோ தன் வடிவங்களை உரிமம் கொடுத்துப் பிற நாடுகளில் செய்வித்தது. இலண்டனில் ரொஸ், பாரிஸில் கிரவுஸ், அமெரிக்காவின் ரொச்செஸ்டரில் பவுஷ் அன்ட் லோம் ஆகியோர் அவ்வாறு செய்த வில்லைகளில் ஸைஸின் பெயரும் செய்த நிறுவனத்தின் பெயரும் சேர்ந்து வரக்கூடும். அக்குழலில் ஸைஸ் என்ற பெயரை மட்டும் வாசித்து ஜெனாவில் பிறந்த வில்லை என்று எழுதிவைப்பது அருங்காட்சியகப் பதிவேடுகளிலும் நேரும் பிழை.

இலங்கைக்கு வந்த வில்லைகள்

இலங்கையோடு தொடர்புடைய வில்லைகளுள் செய்தவர் பெயர் ஐயமின்றித் தெரிந்தவை சிலவே. அவற்றுள் முதன்மையானவை ஜூலியா மார்கரெட் கமரன் கையாண்டவை. 1815இல் கல்கத்தாவில் பிறந்த இவர், இலங்கை மாணவர் பாடநூல்களில் படிக்கும் கோல்புறூக்–கமரன் ஆணைக்குழுவின் உறுப்பினரான சார்ள்ஸ் ஹே கமரனின் மனைவி. 1863இன் இறுதியில் கிடைத்த முதற் கமராவில் ஜாமன் செய்த பிரெஞ்சு வில்லையைப் பயன்படுத்தினார். 1866இல் பதினைந்துக்குப் பன்னிரண்டு அங்குலத் தகட்டைக் கொள்ளும் கமராவுக்கு மாறியபோது 30 அங்குலக் குவியத்தூரமுள்ள டால்மேயரின் ரெப்பிட் ரெக்டிலீனியரை வாங்கினார். 1875இல் கணவரோடு இலங்கைக்குக் குடிபெயர்ந்து, 1879 ஜனவரியில் மலைநாட்டில் இறக்கும்வரை, எண்ணிக்கையில் குறைந்த சில படங்களையே எடுத்தார். களுத்துறை மக்களும் தமிழ்த் தோட்டத் தொழிலாளரும் அப்படங்களில் இருக்கிறார்கள். 1877இல் அவர் இல்லத்துக்கு வந்த ஓவியர் மரியான் நோர்த்தும் இருக்கிறார்.

இரண்டாவது எடுத்துக்காட்டு வானியலிலிருந்து வருவது. 1871 டிசம்பர் 12ஆம் தேதி நிகழ்ந்த முழுச் சூரிய கிரகணத்தின் பாதை தென்னிந்தியாவைக் கடந்து இலங்கையின் வடபகுதியூடாகச் சென்றது. நோர்மன் லொக்கியர் தலைமையில் இங்கிலாந்திலிருந்து வந்த ஆய்வாளர்கள் மேற்குக் கரையின் பேக்கல், தமிழகத்தின் புதுக்கோட்டை, யாழ்ப்பாணம், திருகோணமலை முதலிய இடங்களில் பிரிந்து நின்றார்கள். திருகோணமலையில் ஒளிநிறமாலையை நோக்கியவர் பின்னாளில் சலஞ்சர் கப்பலில் உலகம் சுற்றிய இயற்கையியலாளர் ஹென்றி மோஸ்லி. கிரகணப் படங்கள் பேக்கலிலும் நீலகிரியின் தொட்டபெட்டாவிலும் யாழ்ப்பாணத்திலும் எடுக்கப்பட்டன.

இப்பயணத்துக்கு ஓராண்டு முன்னர், 1870 டிசம்பரில், சிசிலித் தீவின் சிரகூசாவில் அல்பிரட் பிரதர்ஸ் என்பவர் சூரியனின் ஒளிவட்டத்தைப் படமெடுத்து வெற்றி கண்டிருந்தார். அவர் கையாண்டது தொலைநோக்கியன்று. 30 அங்குலக் குவியத்தூரமும் நான்கு அங்குலத் துவாரமும் கொண்ட டால்மேயரின் ரெப்பிட் ரெக்டிலீனியர். முப்பதை நான்கால் வகுத்தால் துவார எண் ஏழரை வருகிறது. கமரன் அம்மையார் முகங்களைப் படமெடுக்க வாங்கிய வில்லைக்குக் குறிப்பிடப்படும் எட்டு என்ற எண்ணுக்கு இது மிக அருகில் உள்ளது. 30 அங்குலக் குவியத்தூரத்தில் சூரியனின் உருவம் தகட்டில் ஏழு மில்லிமீட்டர் விட்டமே பெறும். ஆனால் அதைச் சூழ்ந்த மங்கலான ஒளி, வேகமான வில்லையின் துணையால், தொலைநோக்கிகள் காட்டியதைவிடத் தொலைவுவரை பதிந்தது. மறு ஆண்டில் பேக்கலிலும் டால்மேயரின் இவ்வகை வில்லையே எடுத்துச்செல்லப்பட்டது. முகப்படக்காரரும் வானியலாளரும் ஒரே பட்டறையின் ஒரே வடிவத்தை நாடியிருக்கின்றனர்.

இந்த இரு எடுத்துக்காட்டுகளிலும் வில்லையின் பெயர் நிலைத்ததற்குக் காரணங்கள் வேறு வேறு. கமரன் அம்மையாருடைய கருவிகள் அவர் கலைஞராக மதிக்கப்பட்டதால் ஆராயப்பட்டன. கிரகணக் குழுவினர் தம் படத்தில் ஒரு மில்லிமீட்டர் வானில் எத்தனை கோணத்தைக் குறிக்கிறது என்று கணக்கிட வேண்டியிருந்ததால் வில்லையின் பெயர், துவாரம், குவியத்தூரம் ஆகியவற்றை அறிக்கையில் எழுதினார்கள். வணிக ஸ்டூடியோக்களுக்கு இவ்விரு தேவைகளும் இல்லை. அவர்கள் தகட்டின் ஓரத்தில் படத்தின் தலைப்பையும் விற்பனை இலக்கத்தையும் நிறுவனப் பெயரையும் எழுதினார்கள். வில்லையின் பெயரை எழுதும் வழக்கம் இருக்கவில்லை. 1890களில் ஸ்கோவனின் தகடுகள் கொழும்பு அப்போதிக்கரீஸ் நிறுவனத்துக்குக் கைமாறியதுபோல, தகடுகள் ஒருவரிடமும் கருவிகள் வேறொருவரிடமும் சென்றபோது அத்தொடர்பு மேலும் அறுந்தது. மட்டக்களப்பு, கல்முனை போன்ற ஊர்களின் ஸ்டூடியோக்களையும் 1814இல் தொடங்கிய மெதடிஸ்த மத்திய கல்லூரி, 1873இல் தொடங்கிய புனித மிக்கேல் கல்லூரி போன்ற நிறுவனங்களின் குழுப் படங்களையும் ஆராய்பவருக்கு ஆகவே எழுத்துச் சான்றைவிடப் பொருட்சான்றே முதல் துணை.

குழலையும் கண்ணாடியையும் வாசிக்கும் முறை

பெயர் அழிந்துபோன வில்லையையும் வகைப்படுத்த உதவும் எளிய சோதனை விளக்கொளித் தெறிப்பு. இருண்ட அறையில் ஒரு சிறிய விளக்கை வில்லைக்கு முன்னால் பிடித்துச் சாய்வாக நோக்கினால், ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பிலிருந்தும் விளக்கின் சிறு உருவம் ஒன்று தெறித்துத் தெரியும். காற்றைத் தொடும் பரப்பு பிரகாசமான உருவத்தைத் தரும். இரண்டு கண்ணாடிகள் கனடா பல்சம் என்னும் மரப்பிசினால் ஒட்டப்பட்ட பரப்பு மிக மங்கலான உருவத்தைத் தரும். முன் தொகுதியையும் பின் தொகுதியையும் தனித்தனியே கழற்றி இவற்றை எண்ண வேண்டும்.

பெட்ஸ்வால் வகையின் முன் தொகுதியில் பிரகாசமானவை இரண்டும் மங்கலானது ஒன்றும், இடைவெளி விட்டு வைத்த இரு கண்ணாடிகளாலான பின் தொகுதியில் பிரகாசமானவை நான்கும் தென்படும். ரெப்பிட் ரெக்டிலீனியர் வகையில் இரு தொகுதிகளுமே இரண்டு பிரகாசமான உருவங்களையும் ஒரு மங்கலான உருவத்தையும் தரும். மூன்று கண்ணாடிகளை ஒட்டிய டாகோர் தொகுதி ஒவ்வொன்றிலும் மங்கலானவை இரண்டாகும். குக் வகையில் ஒட்டு இல்லாததால் ஆறும் பிரகாசமாகவே இருக்கும். டெஸ்ஸார் வகையில் முன்னே நான்கும், பின்னே இரண்டு பிரகாசமும் ஒரு மங்கலும் காணப்படும். குழலின் பெயர் ஒன்றையும் தெறிப்பின் எண்ணிக்கை மற்றொன்றையும் சொன்னால், இரண்டு வில்லைகளின் பகுதிகள் கலந்துவிட்டன என்றோ பெயர் பின்னர் பொறிக்கப்பட்டது என்றோ ஐயப்பட இடமுண்டு. டால்மேயர் 1866இல் ஆக்கவுரிமை பெற்ற உருவப்பட வில்லையில் பின் தொகுதியின் கண்ணாடி வரிசை பெட்ஸ்வாலினதற்கு எதிரானது. அதன் பின்பகுதியைத் திருகிப் படத்தின் கூர்மையைத் தணிக்கவும் முடியும். இதை அறியாமல் துடைப்பதற்காகக் கழற்றியவர்கள் பெட்ஸ்வால் முறையில் திருப்பிப் பூட்டிவிடுவதும் உண்டு.

அடுத்து வாசிக்க வேண்டியது பொறிப்பு. ஃபோக்ட்லெண்டர் நிறுவனம் 1849இல் பிரவுன்ஷ்வைக்கில் தொழிற்சாலை அமைத்ததால், குழலில் அந்த ஊர்ப் பெயர் இருந்தால் வில்லை அவ்வாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. அன்ட்ரூ ரொஸின் முதலெழுத்தோடு வரும் பொறிப்பு அவர் காலத்தையும், வரையறுக்கப்பட்ட நிறுவனம் என்ற குறிப்போடு வரும் ரொஸ் பொறிப்பு 1897க்குப் பிந்திய காலத்தையும் சுட்டும். பெரிய நிறுவனங்களின் தொடரிலக்கங்களைக்கொண்டு ஆண்டை மதிப்பிடும் அட்டவணைகளைச் சேகரிப்பாளர்கள் தொகுத்துள்ளனர். ருடொல்ஃப் கிங்ஸ்லேக் 1989இல் வெளியிட்ட ஒளிப்பட வில்லை வரலாறு வடிவங்களின் பரம்பரையை அறிவதற்கு இன்றும் அடிப்படை நூல். ஜாமன், டார்லோ போன்ற பாரிஸ் கருவியாளரின் வில்லைகளில் கண்ணாடியின் ஓரத்தில், வளையத்துக்குள் மறையும் இடத்தில், பென்சிலால் எழுதிய பெயர் காணப்படுவதுண்டு. கடைக்காரர் பெயர் குழலில் இருக்க, கண்ணாடியின் ஓரத்தில் பட்டறைக்காரரின் பெயர் இருந்தால், செய்தவரைப் பற்றிய வழக்கு அங்கேயே தீர்ந்துவிடும்.

துவாரத்தைக் கட்டுப்படுத்தும் முறையும் காலம் காட்டும். குழலின் பக்கவாட்டில் பிளவு இருந்து, துளையிட்ட தகட்டை அதில் செருகும் ஏற்பாடு ஜோன் வோட்டர்ஹவுஸ் 1858இல் அறிமுகப்படுத்தியது. எனினும் அதற்கு முந்திய குழல்களிலும் பின்னாளில் பிளவு வெட்டப்பட்டதால், வெட்டின் ஓரம் பித்தளையின் பழைய மெருகைக் கீறியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இதழ்களாக விரிந்து சுருங்கும் துவாரம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் பரவியது. அதன் எண்களை வாசிப்பதிலும் எச்சரிக்கை தேவை. பிரித்தானிய ஒளிப்படச் சங்கம் 1881இல் பரிந்துரைத்த முறையில் 1, 2, 4, 8, 16 என்று எண்கள் இரட்டிக்கும். அம்முறையின் 16 இன்றைய துவார எண் 16க்குச் சமம் என்றாலும், அதன் 4 இன்றைய 8க்குச் சமம். எல்லா எண்களையும் இன்றைய முறையில் வாசித்தவர் வில்லையின் வேகத்தைப் பல மடங்கு கூட்டி மதிப்பிடுவார். கொம்பூர் என்ற ஒளிமூடி (ஷட்டர்) பொருத்திய வில்லையாயின், அவ்வொளிமூடி 1912க்கு முன் இல்லை.

இந்த அடையாளங்கள் அனைத்தும் படத்தின் காலத்துக்கு ஒரு கீழ் எல்லையை மட்டுமே தருகின்றன என்பதை மறக்கலாகாது. 1866க்குப் பின் செய்த வில்லை 1866க்கு முன் படமெடுத்திருக்க முடியாது. ஆனால் அதே வில்லை 1950களிலும் ஒரு ஸ்டூடியோவில் பள்ளிக்கூடக் குழுப் படங்களை எடுத்துக்கொண்டிருக்கலாம். மேல் எல்லையைப் படத்தின் உள்ளடக்கமும் தகட்டின் வகையுமே தர வேண்டும். வாவியின் குறுக்கே 1924இல் திறக்கப்பட்ட கல்லடிப் பாலம் ஒரு படத்தில் தெரிந்தால் அப்படம் அவ்வாண்டுக்கு முந்தியதன்று; பாலம் இருக்க வேண்டிய திசையில் வெறும் நீர் மட்டும் தெரிந்தால் படம் அதற்கு முந்தியது.

வாவிக்கரையில் இந்த அறிவின் பயன்

உவர்க்காற்றும் ஈரமும் நிறைந்த வாவிக்கரைச் சூழலில் பழைய வில்லை மூன்று வகையில் கெடுகிறது. கண்ணாடியில் பூஞ்சணம் நூல்நூலாகப் படர்கிறது. பித்தளையில் களிம்பு ஏறித் திருகுகள் இறுகுகின்றன. ஒட்டுப்பிசின் மஞ்சளித்து ஓரங்களில் விரிசல் விடுகிறது. இவற்றைக் கண்டவுடன் மெருகுப்பொடியிட்டுத் தேய்ப்பது பரவலான வழக்கம். அது பொறிப்பின் கூர்மையையும் துவாரப் பிளவின் வயதுக் குறிகளையும் ஒருசேர அழிக்கிறது. கண்ணாடியின்மேல் இலேசான நீலமோ ஊதாவோ படர்ந்த பழைய வில்லை கெட்டுப்போனதாக எண்ணப்படுவதுண்டு. குக் வில்லையைக் கணித்த டெனிஸ் டெய்லரே 1890களில் இதைக் கவனித்து, இவ்வாறு நிறம் மாறிய பரப்பு புதிய பரப்பைவிடக் குறைவாகத் தெறிப்பதால் கூடுதலான ஒளியை உள்ளே விடுகிறது என்று கண்டறிந்தார். இக்கால வில்லைகளுக்குப் பூசப்படும் மேற்பூச்சின் முன்னோடி அவ்வவதானிப்பு. ஆகவே அந்த நிறத்தைத் தேய்த்து நீக்குவது நன்மையைத் தீமையெனக் கருதிக் களைவதாகும்.

வில்லையின் அடையாளம் படத்தின் அளவையாக மாறும் விதத்தைப் புளியந்தீவின் கோட்டையைக்கொண்டு விளக்கலாம். 1628இல் போர்த்துக்கேயர் கட்டி, 1638இல் ஒல்லாந்தர் கைப்பற்றி, நெடுங்காலம் கச்சேரியாக இயங்கிய இக்கோட்டையின் இரு பக்கங்களை வாவி சூழ்ந்துள்ளது. அதன் மதில்கள் நேர்கோடுகள், நிற்குமிடம் மாறாதவை. ஒரு முழுத்தகட்டுப் படம் 12 அங்குலக் குவியத்தூரமுள்ள வில்லையால், அதாவது ஏறத்தாழ 305 மில்லிமீட்டர் வில்லையால் எடுக்கப்பட்டது என்று வைத்துக்கொண்டால், கமராவுக்கு நேரெதிரே 60 மீட்டர் நீளமுள்ள மதிற்பகுதி தகட்டில் 100 மில்லிமீட்டராக விழுந்திருக்குமாயின், குவியத்தூரத்தை மதிலின் நீளத்தால் பெருக்கித் தகட்டிலுள்ள நீளத்தால் வகுக்க, கமரா நின்ற தொலைவு 183 மீட்டர் என வரும். அந்த இடம் இன்று கரையா நீரா என்று நேரில் சென்று பார்த்துக்கொள்ளலாம். படத்தின் முன்பகுதியில் தெரியும் கரையோரமும் கண்டற் செறிவும் அன்று எங்கே இருந்தன என்பதையும் அதே கணக்கின் தொடர்ச்சியாக மதிப்பிடலாம்.

இக்கணக்கு வில்லையின் வகையைப் பொறுத்தே நம்பத்தக்கதாகிறது. ரெப்பிட் ரெக்டிலீனியர், டாகோர் போன்ற சமச்சீர் வில்லைகள் தகட்டின் ஓரம்வரை நேர்கோட்டை நேராகக் காட்டுவதால் எங்கு அளந்தாலும் பெரிய பிழை நேராது. துவாரத்தை முன்னால் கொண்ட ஒற்றைத் தொகுதி நிலக்காட்சி வில்லையோ ஓரத்துக் கோடுகளை வெளிப்புறமாக வளைக்கும். அவ்வாறான படத்தில் நடுப்பகுதியை மட்டுமே அளக்கலாம். பெட்ஸ்வால் வகையில் நடுப்பகுதி கூர்மையாகவும் ஓரங்கள் சுழன்று மங்கியும் இருப்பதால், அது நிலக்காட்சிக்குப் பயன்பட்டிருந்தால் படத்தைப் பார்த்ததுமே தெரிந்துவிடும். இம்முறைக்கு வெட்டி ஒட்டிய அச்சுப்படம் போதாது. முழுத் தகடு வேண்டும். தகட்டின் நடுவே வில்லையின் நடுவும் இருந்தது என்ற அடிப்படையிலேயே கணக்குத் தொடங்குகிறது. வெட்டிய படத்தில் அந்த நடு எங்கே என்பது தெரிவதில்லை.

மதிலைப் போன்ற அளவுகோல் ஒன்று படத்தில் இல்லாதபோது வில்லையே அளவுகோலாக நிற்க வேண்டியுள்ளது. பள்ளிக்கூட முற்றம், கோயில் வீதி, படகுத்துறை எனக் காலத்தில் மாறிப்போன இடங்களின் படங்களே வாவிக்கரையில் மிகுதி. அவற்றை எடுத்த ஸ்டூடியோவின் வில்லை இன்றும் இருக்குமாயின், அதன் குவியத்தூரத்தை அக்கரையின் மரமொன்றை வெள்ளைத் தாளில் கூர்மையாக விழச்செய்து அளந்துவிடலாம். வில்லை விற்கப்பட்டு அலங்காரப் பித்தளையாகப் போய்விட்டால் அந்த வாய்ப்பு மீள்வதில்லை. அரும்பொருள் வணிகர் வில்லையை மட்டும் வாங்குவதும், ஆவணக் காப்பாளர் தகட்டை மட்டும் பெறுவதும் இரு தரப்புக்கும் இயல்பான நடைமுறையாக இருந்துவருகின்றன. வரலாற்றுக்கு இழப்பு நேர்வது அந்தப் பிரிப்பிலேயே.

ஆகவே கிழக்கின் பழைய ஸ்டூடியோக்களையும் பள்ளிகளையும் திருச்சபை இல்லங்களையும் பதிவுசெய்ய முனைவோர், துடைப்பதற்கு முன்னரே குழலின் பொறிப்பையும் தொடரிலக்கத்தையும் படமெடுத்து, தெறிப்புகளை எண்ணி, குவியத்தூரத்தையும் துவாரத்தின் விட்டத்தையும் அளந்து, அதே கட்டடத்தில் கிடைத்த தகடுகளின் பட்டியலோடு ஒரே பதிவாக வைப்பது தேவையாகிறது. வியன்னாவின் கணிதரையும் பாரிஸின் பட்டறைக்காரரையும் இலண்டனின் வணிகரையும் தேடிச்செல்லும் ஆய்வு, அவ்வாறு செய்யப்படுமாயின், வாவியின் கரை ஒரு குறித்த ஆண்டில் எங்கே இருந்தது என்ற உள்ளூர்க் கேள்விக்கு எண்ணில் விடை சொல்லும் தகுதியைப் பெறும்.